திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள்: வன்னியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எடைபோடுவது எப்படி

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த கிழமை ஏ9 வீதியால் போனால் சந்திக்குச் சந்தி பதாகை தொங்கும். பிள்ளையின் படம், கீழே புள்ளி, அதற்கும் கீழே கற்பித்த ஆசிரியரின் பெயர். அடுத்த வருடம் தரம் 1இல் பிள்ளை சேர்க்க இருப்பவர்களில் பலர் பஸ் யன்னலுக்குள்ளால் அதைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் எந்தப் பதாகையிலும் இல்லை, ஆகவே வான் பிடித்து ரவுணுக்கு அனுப்புவோம் என்று.

பதாகையில் இருக்கும் பிள்ளை தரம் 1இல் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவர் இதற்குள் மாற்றலாகிப் போயிருக்கலாம். புள்ளியில் ஒரு பங்கு பின்னேர ரியூசனுக்கும் உரியது. உங்களுக்கு வேண்டிய தகவல் வேறு: வருகிற வருடம் தரம் 1 வகுப்பறையில் யார் நிற்பார், கிழமைக்கு எத்தனை நாள் நிற்பார், அவர் இல்லாத நாளில் யார் நிற்பார். வன்னியில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் தரம் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிடும்.

பலகையும் இடாப்பும்

பெயர்ப்பலகையிலேயே கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மு/, கிளி/, வ/, மன்/ என்ற முன்னெழுத்து மாவட்டத்தைச் சொல்லும் (முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்), அ.த.க. என்றால் அரசினர் தமிழ்க் கலவன், றோ.க.த.க. என்றால் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். பலகையில் இல்லாததைக் கேட்டு அறிய வேண்டும்: பாடசாலை எந்த வகை? வகை 3 என்றால் தரம் 5 அல்லது 8 வரைதான். வகை 2 என்றால் தரம் 11 வரை, அதாவது சாதாரண தரம் வரை. 1சி, 1ஏபி இரண்டிலும் உயர்தரம் உண்டு. விஞ்ஞானப் பிரிவு 1ஏபியில்தான். தரம் 5உடன் முடியும் பள்ளிக்கூடம் என்றால், பத்து வயதில் பிள்ளை எங்கே போகும், எந்த பஸ்ஸில் போகும் என்பதையும் இப்போதே யோசித்துவைக்க வேண்டும்.

அடுத்து அதிபரிடம் தரம் தரமாக மாணவர் தொகையைக் கேளுங்கள். இது ஒளிக்கிற விஷயம் அல்ல. அநேகமான அலுவலகங்களில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும். தரம் 1 முதல் 5 வரை 12, 11, 13, 10, 11 என்று இருந்தால் ஊர்ச்சனம் அந்தப் பள்ளிக்கூடத்தை நம்பி இருக்கிறது. 9, 12, 11, 6, 4 என்று இருந்தால், தரம் 3 முடிந்ததும் பிள்ளைகளைப் புலமைப்பரிசிலுக்காக வெளியே கொண்டுபோகிறார்கள் என்று அர்த்தம். அப்படியான இடத்தில் கீழ் வகுப்புகள் நன்றாகவே நடக்கலாம், அதனால் அதைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது 3, 7, 10, 12, 13 என்ற வரிசைக்கு. புதிதாகச் சேர்கிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. பிள்ளைகள் குறைய ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைய இன்னும் நாலு பேர் விடுகைப் பத்திரம் எடுப்பார்கள். பக்கத்துப் பாடசாலையோடு இணைக்கும் பேச்சு இருக்கிறதா என்று கோட்டக் கல்வி அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

ஆசிரியர் எங்கேயிருந்து வருகிறார்

வன்னிக்கு உரிய கேள்வி இது. முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, மடு வலயங்களிலும் கிளிநொச்சியின் உட்புறங்களிலும் படிப்பிக்கிற ஆசிரியர்களில் நிறையப் பேர் வெளிமாவட்டத்தவர்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள். சிலர் விடியப்புறம் பஸ் ஏறி நாளாந்தம் வந்து போகிறார்கள், சிலர் கிழமை முழுதும் விடுதியில் தங்குகிறார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்கான வருடங்கள் முடிந்ததும் சொந்த இடத்துக்கு மாற்றம் கேட்பார்கள், அது அவர்களின் உரிமை. அவர்களில் குறை சொல்ல எதுவுமில்லை. ஏழரைக்குப் பிரார்த்தனை தொடங்கும் பள்ளிக்கூடத்துக்கு, பிரதான வீதியில் இறங்கி எட்டு மைல் மணல் றோட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவர் மாரிகாலத்தில் பிந்தத்தான் செய்வார்.

ஆகவே விளையாட்டுப்போட்டி, வாணிவிழா, ஒளிவிழா, பரிசளிப்பு நாட்களில் போய்ப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு வாசலில் நில்லுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள். போயா விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால், அதற்கு அடுத்த நாள் ஒருதரம் போங்கள். திங்கள் முதற்பாடமும் வெள்ளி கடைசிப் பாடமும் ஒழுங்காக நடக்கிற இடத்தில் இடையில் உள்ள நாட்களும் நடக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஐந்து நாள் கிழமை நாலு நாளாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

அதிபரிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. தரம் 1, 2 ஆசிரியர் ஆரம்பக் கல்விக்குப் பயிற்றப்பட்டவரா? வவுனியா, யாழ்ப்பாணம் போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஆரம்பக் கல்விக்கு என்று தனிப் பாடநெறி இருக்கிறது. அதைப் படித்து வந்தவருக்கும், வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று ஆளில்லாத குறைக்குத் தரம் 1இல் விடப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் தவணையிலேயே தெரிந்துவிடும். இந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம், மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாரா? பிரசவ விடுமுறை எடுத்தால் வகுப்பு யாருக்கு? இது அநாகரிகமான கேள்வி அல்ல. முழுச் சம்பளத்துடனான பிரசவ விடுமுறை 84 வேலை நாள், ஒரு தவணைக்கு மேல். பதிலுக்கு ஆள் வருவது அரிது. நல்ல அதிபர் முன்கூட்டியே அடுத்த வகுப்பு ஆசிரியரோடு ஒழுங்கு செய்துவைத்திருப்பார். “அது அப்ப பாப்பம்” என்று பதில் வந்தால் அந்த வகுப்பு அந்தத் தவணை முழுவதும் படம் கீறிக்கொண்டிருக்கும்.

பல பள்ளிக்கூடங்களில் நடக்கிற ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பதாகை ஆசையில் கெட்டிக்கார ஆசிரியரைத் தரம் 5க்கு ஏற்றிவிட்டு, புதிதாக வந்தவரையோ தொண்டர் ஆசிரியரையோ தரம் 1இல் விடுவது. தொண்டர் ஆசிரியர்களில் பொறுப்பானவர்கள் நிறைய உண்டு. ஆனால் எழுத்தறிவுக்கு அத்திவாரம் விழுகிற இடம் தரம் 1, 2. அங்கே வாசிக்கப் பழகாத பிள்ளையைத் தரம் 5இல் எந்தக் கெட்டிக்காரராலும் தூக்கி நிறுத்த ஏலாது.

வகுப்பறைக்குள்

நினைத்தபடி வகுப்புக்குள் நுழைய முடியாது. அலுவலகத்தில் சொல்லி, அடுத்த வருடம் பிள்ளை சேர்க்க இருக்கிறோம் என்றால் சுற்றிக் காட்டுவார்கள். தரம் 1, 2இல் பாடத்திட்டம் எதிர்பார்ப்பது விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் கலந்த காலை. அதில் விளையாட்டுக்குக் கூடிய பங்கு. தரம் 3, 4இல் மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் 5இல் எழுத்து வேலை முன்னுக்கு வரும். ஆறு வயதுப் பிள்ளைகள் காலை முழுக்கக் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் பிரதி பண்ணிக்கொண்டிருந்தால் ஏதோ பிழை. கொப்பி நிறைந்திருப்பதைக் கண்டு “நல்லாப் படிப்பிக்கினம்” என்று பெற்றோர் மெச்சுவதும் இந்தப் பிழைக்கு ஒரு காரணம். சுவரைப் பாருங்கள். கடையில் வாங்கிய பளபளப்பான படங்கள் நாலு வருடமாக அதே இடத்தில் தொங்குகின்றனவா, பிள்ளைகள் கீறியதும் எழுதியதும் தொங்குகின்றனவா? வாசிப்பு மூலைப் புத்தகங்கள் பிள்ளையின் கைக்கு எட்டுமா, அலுமாரிக்குள் பூட்டா?

பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே பார்க்கக்கூடிய சோதனை பக்கத்து வீட்டில் இருக்கிறது. தரம் 2 அல்லது 3இல் படிக்கும் பிள்ளையின் கணிதக் கொப்பியை வாங்கி, விடுமுறை குறுக்கிடாத ஒரு மாதத்தை எடுத்துத் திகதிகளை எண்ணுங்கள். 20 பள்ளிநாளில் 15, 16 திகதி இருந்தால் வகுப்பு நடக்கிறது. எட்டு ஒன்பதுதான் என்றால் பிள்ளை வரவில்லையா, ஆசிரியர் வரவில்லையா என்று விசாரியுங்கள். பிறகு சிவப்புப் பேனை. எல்லாவற்றுக்கும் சரி அடையாளம், ஆனால் 52 − 27 = 35 என்ற விடைக்கும் சரி அடையாளமா? கழித்தலில் பிள்ளைகள் விடும் வழமையான பிழை அது: 2இலிருந்து 7 போகாது என்றதும் கடன் வாங்காமல் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுவார்கள். அந்த இடத்தில் பத்தும் ஒன்றும் பிரித்துத் திருத்தி எழுதிக் காட்டியிருந்தால், அந்த ஆசிரியரிடம் பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம். கையொப்பம் மட்டும் இருந்தால் கொப்பி பார்க்கப்படவில்லை, புரட்டப்பட்டிருக்கிறது.

வாசிப்புக்கும் அப்படித்தான். பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஏமாந்துவிடுவோம். பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பார்த்தே இராத ஐந்து வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: “குளத்துக்குப் பக்கத்தில் கொக்கு நின்றது. கோழி கூவியது.” தரம் 2 முடிவில் இதைக் கூட்டியாவது வாசிக்க வேண்டும். கொ, கோ, கூ மூன்றும் தடுமாறினால் உயிர்மெய்க் குறிகள் ஊன்றவில்லை. ஒரு பிள்ளை தடுமாறினால் அது அந்தப் பிள்ளையின் பிரச்சினை. ஒரே வகுப்பில் நாலு பேரைப் பார்த்து மூன்று பேர் தடுமாறினால் அது வகுப்பின் பிரச்சினை.

ஆங்கிலம் தரம் 1, 2இல் பேச்சு வழியாக, செயற்பாடாக வரும். முறையான பாடம் தரம் 3இல் தொடங்கும். சின்னப் பள்ளிக்கூடங்களில் ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் வருடக்கணக்கில் நீளும், இரண்டு மூன்று பாடசாலைக்கு ஒருவர் ஓடித்திரிவதும் உண்டு. நேரசூசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, போன கிழமை ஆங்கிலப் பாடம் எத்தனை நடந்தது என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள்.

கூட்டு வகுப்பு

இருபது முப்பது பிள்ளைகள் மட்டும் உள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று தரங்களை ஒருவரே சேர்த்துப் படிப்பிக்க வேண்டி வரும். பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் பாதிதான் சரி. தரம் 1உம் 2உம் ஒன்றாக இருந்து, ஒரு பகுதிக்கு வேலை கொடுத்துவிட்டு மற்றப் பகுதியோடு ஆசிரியர் உட்கார்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ரவுண் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து நாற்பது பேருக்குள் ஒன்றாக இருப்பதைவிட, எட்டுப் பேருக்குள் ஒன்றாக இருக்கும் பிள்ளையை ஆசிரியர் ஒரு காலையில் நாலைந்து தரம் தனித்தனியாகப் பார்க்கிறார். தரம் 1உம் 5உம் சேர்ந்திருந்தால் கதை வேறு. புலமைப்பரிசில் நெருங்க நெருங்க ஆசிரியரின் முகம் தரம் 5 பக்கம் திரும்பிவிடும், சின்னதுகள் கடைசி வாங்கில் கிடக்கும். எந்தத் தரத்தோடு எந்தத் தரம் சேர்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

புலமைப்பரிசில் எண்களை வாசிப்பது

பரீட்சை 200 புள்ளிக்கு. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமும் அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருடம் ஆறு பேர் தோற்றினால் ஒரே ஒரு பிள்ளை சித்தி வீதத்தை ஏறத்தாழ 17 சதவீதம் ஏற்றி இறக்கும். இந்த வருடம் பூச்சியம், போன வருடம் 33 சதவீதம் என்பதில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை என்பதை விட்டு, தோற்றியவர்களில் 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். பாடசாலைகளே அந்தக் கணக்கை வைத்திருக்கும். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் 70ஐத் தாண்டுகிற இடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒருவர் 170, மற்ற ஆறு பேர் 50 என்றால் அந்த ஒருவரின் வீட்டைத்தான் பாராட்ட வேண்டும்.

தண்ணீர், சாப்பாடு, வழி

கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் வன்னி ஒரே மாதிரி இல்லை. வவுனியாப் பக்கத்துப் பாறை நிலத்தில் கல்சியமும் புளோரைட்டும் கூடிய தண்ணீர். கரையோரத்திலும் பூநகரிப் பக்கமும் உவர். புளோரைட்டு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். அதனால் “ஆறின தண்ணிதான் குடுக்கிறம்” என்பது போதுமான பதில் இல்லை. வடிகட்டும் இயந்திரம் பூட்டியிருக்கிறதா, கடைசியாக எப்போது வடிகட்டி மாற்றியது என்று கேளுங்கள். நன்கொடையாக வந்து திறப்புவிழாவோடு நின்றுபோன இயந்திரங்கள் பல பள்ளிக்கூடங்களில் மூலையில் நிற்கின்றன. இல்லாவிட்டால் வீட்டுப் போத்தல்தான்.

மலசலகூடத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 25 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஒரு சிறுநீர் கழிக்கும் இடமும். எண்ணிக்கையில் வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்கள் பொதுவாகத் தோற்காது. மீள்குடியேற்றத்தின் பின் 2010 தொடக்கம் கட்டிக் கொடுத்தவை நிறைய. தோற்பது கதவுக் கொண்டியிலும் பைப்பிலும்தான். உள்ளே போய்ப் பைப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வாளியில் சுமந்துதான் வருகிறது என்றால் ஆறு வயதுப் பிள்ளை மத்தியானம் வரை அடக்கிக்கொண்டிருக்கும்.

ஆரம்பப் பிரிவுக்குச் சத்துணவு உண்டு. சமைப்பது அநேகமாக அதே ஊர்த் தாய்மார். கொடுப்பனவு பிந்தினால் கடைக் கடன் ஏறி, பருப்பு தண்ணீராகி, முட்டை மறைந்துபோகும். பத்து மணிப் போல் போய்த் தட்டைப் பார்த்தால் தெரியும். சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்க வேண்டும், பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆகிய தரங்களுக்கு மட்டும். கண், காது, பல் குறைகள் முதலில் பிடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வழியைக் கார்த்திகையில் நடந்து பாருங்கள். ஆடியில் நடந்து பார்த்தால் எல்லா றோட்டும் றோட்டுத்தான். 2018 மார்கழி வெள்ளத்திலும் 2025 கார்த்திகைப் புயல் மழையிலும் எந்தெந்த வாய்க்கால் குறுக்கறுத்தது என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் காலையில் யானை நிற்கும் இடங்களும் ஊருக்குத் தெரிந்தவைதான்.

தூரத்தின் கணக்கு இதோடு சேர்ந்தது. போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம் என்றால் நாளுக்கு ஒன்றரை. வருடத்துக்கு 200 பள்ளிநாள் என்று வைத்தால் 300 மணித்தியாலம். பள்ளிநாள் ஐந்து மணித்தியாலம் என்று எடுத்தாலும் அறுபது பள்ளிநாள் வானுக்குள் போகிறது, அதுவும் காலையில் நித்திரை குறைந்து. ரவுண் பள்ளிக்கூடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைவிட அறுபது நாள் நல்லதா என்று பார்த்துத்தான் வானுக்குக் காசு கட்ட வேண்டும். சிலவேளை விடை “ஓம்” என்றும் வரும். தரம் 1க்கு நிரந்தர ஆசிரியரே இல்லை, அடுத்த தவணைக்கும் வரப்போவதில்லை என்றால் ஊர்ப்பற்றுக்காகப் பிள்ளையின் இரண்டு வருடத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடிதமும் விண்ணப்பமும்

வாய்ப்பதில் திருப்தி இல்லாவிட்டால் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தப் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆரம்பக் கல்வி ஆளணி எத்தனை, இன்று கடமையில் எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்து, சங்கத்தின் பெயரில் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் போனால் அதற்குக் கனம் உண்டு. கேற்றைப் பூட்டிப் போராடினால் பேப்பரில் படம் வரும், தற்காலிக இணைப்பில் ஓர் ஆசிரியரும் வருவார். இணைப்பு முடிந்ததும் போய்விடுவார்.

அடி விழுகிற பள்ளிக்கூடமா என்பதைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். உடல்ரீதியான தண்டனையைத் தவிர்க்கச் சொல்லும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் 12/2016தான், மேலே சொன்ன தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு குழப்ப வேண்டாம். முறைப்பாட்டுக்குச் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929.

தரம் 1 விண்ணப்பத்துக்கு, சேரும் வருடம் தை 31ஆம் திகதிக்குள் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்தின வருட நடுப்பகுதியில் கோரப்படும். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வரும் பள்ளிக்கூடங்களில் அண்மையில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15 என்று பங்கு பிரியும். மிகுதி கல்வித்துறை உத்தியோகத்தர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு. அண்மைக்கு வாக்காளர் இடாப்பும் காணி ஆவணமும் கேட்பார்கள். காணி உறுதி இல்லாமல் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதியை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அநேகமாக இந்தப் போட்டியே வராது. அதனால்தான் பலர் அங்கே விண்ணப்பமே போடாமல் ரவுணுக்கு மட்டும் போட்டுவிட்டு, மார்கழியில் ஓடித் திரிகிறார்கள். இரண்டுக்கும் போடலாம்.

சேர்த்த பிறகு பங்குனிக் கடைசியில் உங்கள் பிள்ளையின் கொப்பியையும் ஒருதரம் விரித்துத் திகதிகளை எண்ணுங்கள். குறைவாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் முதலில் போங்கள், அதிபரிடம் பிறகு.